கால் அளவு

கறுப்பு பேன்ட்டின் வலது கால் ஓரத்தில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. முன்னறையில் அவள் கணவர் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். இறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

"அம்மா, பீரோவுல பத்து பேன்ட் தொங்குது. அதுல ஒண்ணைப் போட்டா ஆகாதா?" என்றாள் மகள்.

"இது அவர் ஆசையா தைக்கச் சொன்னது. பட்டன் இல்லாம அனுப்ப மாட்டேன்."

காலையில் காபியை ஆற்றி வைத்துவிட்டு இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் வராமல் போய்ப் பார்த்தபோது, பால்கனி நாற்காலியில் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு தலை சாய்ந்திருந்தார். மாரடைப்பு, அவருக்கே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். முதலில் வந்த அழுகையை அழுது முடித்துவிட்டாள். அடுத்தது எப்போது வருமென்று தெரியவில்லை, அதுவரை கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தைத்த பேன்ட் அது. செயினில் மாட்டாமல் இருக்க வலது கணுக்காலில் ஒரு பட்டியும் பட்டனும் வேண்டும் என்று அவர் படம் போட்டே காட்டியிருந்தார். ஒரே மாதிரி இரண்டு தைத்தாள். சைக்கிள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தைந்து வருடம் ரோடு அளந்த மனிதர். எதையும் இரண்டு தடவை அளக்காமல் விடமாட்டார். வீட்டுக்கு ஸ்க்ரீன் துணி வாங்கப் போனால்கூட ஜன்னலை நேற்று ஒரு தடவை, இன்று ஒரு தடவை. ஓய்வு பெற்றதும் கால்வாய்க் கரையோடு மதகு வரை தினமும் சைக்கிளில் போய் வரவேண்டும் என்பது அவருடைய திட்டம். முதல் மூன்று கிலோமீட்டர் தார். அடுத்த எட்டு சரளைக்கல். கடைசி இரண்டு வெறும் மண். ரோடு சைக்கிளின் மெல்லிய டயர் சரளையில் வழுக்கும், மலையேற்ற சைக்கிளோ தாரில் மாட்டு வண்டி மாதிரி இழுக்கும், இரண்டுக்கும் நடுவே கிராவல் சைக்கிள் என்று ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, ஆறு மாதம் வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் செய்துவிட்டார். அலுமினியமா கார்பனா? கார்பன் என்றால் எடை குறைவு, கல்லின் அதிர்வும் கைக்கு வராது. டயர் அகலம் நாற்பது மில்லிமீட்டரா நாற்பத்தைந்தா? முன்னால் பல்சக்கரம் ஒன்றா இரண்டா?

"எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போது இதுல கால்வாசி விசாரிச்சீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"மாப்பிள்ளை தார் ரோட்ல மட்டும் ஓடினா போதும்மா" என்றார் அவர்.

தையல்காரியையும் கூப்பிட்டுப் பார்த்தார். "நீயும் ஒண்ணு வாங்கிக்கயேன். கல்யாணத்துக்கு முன்னாடி தையல் கிளாஸுக்கு சைக்கிள்லதானே போன?"

"எனக்கு மெஷின் மிதிக்கவே கால் பத்தலை. நீங்க போயிட்டு வாங்க, சாமி."

பட்டனின் நூலைப் பல்லால் கடித்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சவ வண்டி அதற்குள் வந்துவிட்டதா என்று அவளுக்குப் பகீரென்றது. இறங்கியவரின் கையில் பம்ப் இருந்தது. ஆறு மாதமாகப் போனிலேயே பேசிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர். சொன்ன தேதிக்குத் தானே கொண்டுவந்து, சீட்டைச் சரிசெய்து கொடுப்பதாக ஏற்பாடு. இருந்த பதற்றத்தில் அவருக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளையும் வாடகை நாற்காலிகளையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பம்ப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதையும் கையில் பிடித்தபடியே உள்ளே வந்து, தலைமாட்டில் நின்றார்.

"நேத்து சாயங்காலம்கூட பேசினாருக்கா. டயர்ல காத்து எவ்வளவு இருக்கணும்னு கேட்டாரு" என்றார். கட்டிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தவர், தன்னையறியாமல், "சார் இவ்வளவு உயரமா?" என்றார்.

"ஆறு அடி" என்றாள் தையல்காரி. "ஏன்?"

"ஒண்ணுமில்லைக்கா."

"சொல்லுங்க."

கடைக்காரர் தயங்கினார். "வந்திருக்கிற ஃப்ரேம் அஞ்சரை அடி ஆளுக்கானது. அவர் குடுத்த கால் அளவுக்கு அதுதான் வரும். எழுபத்தொன்பது சென்டிமீட்டர்."

முப்பத்தோரு அங்குலம். கடைக்காரருக்குச் சொல்ல அவர் கேட்டபோது அவள் எடுத்துக் கொடுத்த அளவு. முப்பது வருடமாக அவள் நோட்டில் மாறாமல் இருக்கும் அளவு.

"எப்படி அளக்கணும் அதை?"

"வெறுங்காலோட சுவத்துல சாஞ்சு நிக்கணும்கா. கால் நடுவுல தடிமனான புத்தகத்தை வச்சு, மேல முட்டுற வரைக்கும் தூக்கிப் பிடிச்சு, அதோட மேல் ஓரத்துலேருந்து தரை வரைக்கும் அளக்கணும்."

அவள் அப்படி அளக்கவில்லை. காலோடு கால் சேரும் தையலில் டேப்பை வைத்து, ஷூவின் மேல் துணி எங்கே விழுமோ அங்கே நிறுத்தினாள். பேன்ட்டுக்கு அளப்பதுபோல. ஒரு மனிதனின் காலை அளக்க வேறு வழி இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. மூன்று அங்குலம் காணாமல் போயிருந்தது. அவர் ஆறு மாதம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒன்றை அவள் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டாள்.

"நீங்களாவது அவர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன்கா. உயரத்துக்கும் காலுக்கும் பொருந்தலையே, இன்னொரு தடவை அளந்து பாருங்க சார்னு ரெண்டு வாட்டி சொன்னேன். சிரிச்சாரு. 'அது என் வீட்டுக்காரி எடுத்த அளவு. முப்பது வருஷத்துல ஒரு பேன்ட் எனக்குக் குட்டையானதில்லை. அதை நான் திருப்பி அளக்க மாட்டேன்'னுட்டாரு."

இரண்டாவது அழுகை அப்போதுதான் வந்தது. பாதி அழுகை, பாதி சிரிப்பு. மகள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் இரண்டு தடவை அளந்த மனிதர், இதை மட்டும் அளக்காமல் விட்டிருக்கிறார். பாவி மனுஷன்.

சத்தம் கேட்டு உள்ளே வந்த கணவரின் அண்ணன், விஷயத்தைக் கேட்டுவிட்டு வேனில் இருந்த சைக்கிளை எட்டிப் பார்த்தார். ஒரு விரலால் தூக்கியும் பார்த்தார்.

"இதென்ன, பிளாஸ்டிக்கா?"

"கார்பனுங்க."

"எதுவோ. எடுத்துட்டுப் போகச் சொல்லும்மா. கண்ணு முன்னாடி நின்னா தினம் இதையே நினைச்சு அழுதுக்கிட்டிருப்ப. சைஸும் தப்பு, ஓட்டவும் ஆளில்லை."

"நான் திருப்பி எடுத்துக்கறேன்கா. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க" என்றார் கடைக்காரர்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. திருப்பி அனுப்பினால் தப்பும் கூடவே போய்விடும், யாரும் எப்போதும் கேட்கப்போவதில்லை. தையல்காரி கையிலிருந்த பேன்ட்டையே பார்த்தாள். கணவரின் மூக்கு உயரம்தான் அவள். ஐந்தரை அடி.

"இருக்கட்டும் மாமா. உள்ள இறக்கி வைக்கச் சொல்லுங்க."

"யாருக்கும்மா?"

அவள் பேன்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மகளும் அவளுமாக அவருக்குப் பேன்ட்டை மாட்டினார்கள். நீளம் கச்சிதமாக இருந்தது. வலது கணுக்காலில் பட்டியைச் சுற்றி அவளே பட்டன் போட்டாள். நாலு மணிக்கு வண்டி வந்து அவரைக் கொண்டுபோனது. எல்லோரும் போய்விட்டுத் திரும்பினார்கள். நாற்காலிக்காரர் நாற்காலிகளை மடித்து எடுத்துக்கொண்டு போனபின், காலியான முன்னறையில் சைக்கிள் மட்டும் சுவரோரம் நின்றது. அடர்பச்சை. கல்வழிக்கு ஏற்ற நாற்பத்தைந்து டயர்.

மாலை வெயில் ஜன்னல் வழியே தரையில் நீளமாக விழுந்திருந்தது. குளித்துவிட்டு வந்த மகள் கதவருகே நின்றுவிட்டாள். அம்மா செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் தடித்த சாலை விதிமுறைப் புத்தகம், முதுகுப்பக்கம் மேலே பார்த்தபடி, அவள் கால்களுக்கு நடுவில் இருந்தது.

"என்னம்மா பண்ற?"

"அந்தப் பென்சிலை எடு. புத்தகத்தோட மேல் ஓரம் சுவத்துல எங்க படுதோ, அங்க ஒரு கோடு போடு. சாய்ச்சுப் போடாதே, நேரா."

மகள் மண்டியிட்டுக் கோடு போட்டாள். தையல்காரி விலகி வந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அதன் நுனியைத் தரையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கோடுவரை இழுத்தாள். எழுபத்தொன்பது.

டேப்பைச் சுருட்டப் போனவள் நிறுத்தினாள். மறுபடி நுனியைத் தரையில் வைத்தாள்.