பீர் பாட்டிலில் வந்த தாளம்

எங்கள் பேண்டில் இரும்பு மணி தட்டியவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். மற்ற வாத்தியங்கள் அந்த மணியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். இந்த ஞாயிறு அந்த இடத்துக்கு எனக்குச் சோதனை. நான் சொதப்பினால், கீபோர்டில் இருக்கும் இயந்திரத் தாளமே போதும் என்று ஃபீஃபி சொல்லியிருந்தான். கீபோர்டு வாசிப்பது அவன்தான்.

"அது சம்பளம் கேக்காது, எபோ. பீரும் குடிக்காது."

"ஒன்ன மாதிரி வாயும் அடிக்காது," என்றார் சாக்ஸபோன் ஊதும் அபா அக்கா. பேண்ட் அவருடையது. "மொதல்ல எபோ வாசிக்கட்டும்."

கானாவின் டக்கோரடியில் நாங்கள் வாசிக்கும் இந்த பாரில் ஞாயிறு மதியம் என்றால் பழைய ஹைலைஃப் ஆட்டப் பாட்டுகள்தான். சனிக்கிழமை அடக்கம் முடித்து, அன்று காலை நன்றி ஆராதனையும் முடித்த ஒரு கூட்டம் வெள்ளை உடுப்போடு வந்து அமர்ந்தது. துக்கம் முடிந்துவிட்டது, இனி ஆட வேண்டும்.

முதல் பாட்டு நன்றாகப் போனதாக நினைக்கிறேன். மாலை இசை வகுப்பில் வந்த பழக்கம், மனதுக்குள் எண்ணி எண்ணித் தட்டினேன். இரண்டாவது பாட்டில் அவர்கள் கைக்குட்டையைச் சுழற்றியபடி வட்டமாக ஆடி வந்தார்கள். திரும்புமிடத்தில் எல்லாக் கால்களும் ஒரு கணம் தாமதித்தன. கிடார் காத்திருந்தது, டிரம்மும் காத்திருந்தது. என் எண்ணிக்கை காத்திருக்காமல் முன்னே ஓடித் தப்பிப்போனது. மணி கையிலேயே நின்றுவிட்டது.

ஃபீஃபி பொத்தானை அழுத்தினான். இயந்திரம் பிசகாமல் அடித்தது. அதுவும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வட்டம் கலைந்தது.

"யாருப்பா அது? அந்தக் கடியாரத்த நிறுத்து," என்றார் அந்த வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த, மீன் விற்கும் எசி ஆன்ட்டி. காலி பீர் பாட்டிலை எடுத்து, ஓப்பனரால் தட்டத் தொடங்கினார். என் மணியின் அதே தாளம். அடுத்த மேசையும் சேர்ந்தது, அதற்கடுத்ததும். ஒத்திகை பார்க்காத ஒரு கூட்டம், ஒருவர்கூடத் தவறவில்லை. இதை எப்படி எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும்.

ஃபீஃபி தானாகவே பொத்தானை அணைத்தான்.

நான் எண்ணுவதை விட்டேன். ஆடிக்கொண்டே பாட்டிலைத் தட்டிய ஆன்ட்டியின் இடுப்பைப் பார்த்தபடி மணியைத் தட்டித் தாளத்துக்குள் நுழைந்தேன். அது தாமதித்தபோது நானும் தாமதித்தேன். அபா அக்காவின் சாக்ஸபோன் மேலே எழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆன்ட்டி பாட்டிலை மேசையில் வைத்தார்.

பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "ஒன் வேலைய நான் பாத்திருக்கேன். கூலி எங்க?"

"மெஷினு இதெல்லாம் கேக்காதுன்னு அப்பவே சொன்னேன்," என்றான் ஃபீஃபி.

அபா அக்கா சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆன்ட்டிக்கு ஒரு பீர் வாங்கிக் குடு, எபோ. அடுத்த ஞாயித்துக்கெழமையும் மணி தட்டிட்டு நீதான் வாங்கிக் குடுக்கணும்."