இழுத்தால் நிற்கும்

வேகப்படகின் எஞ்சினோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். ஒரு முனையில் உள்ள கிளிப் எஞ்சின் சுவிட்சில் மாட்டியிருக்கும். மறுமுனையை ஓட்டுகிறவர் காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

அன்பரசன் அதைக் காலில் மாட்டுவதில்லை. செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் படகுத்துறை. அங்கே வேகப்படகு ஓட்டுவது அவர் ஒருவர்தான். பிசிக்ஸ் படித்த நான் டிக்கெட் கொடுப்பேன், மைக்கில் பாதுகாப்பு அறிவிப்பும் சொல்வேன்; அதனால் அவருக்கு நான் டீச்சரம்மா. ஆயுத பூஜையன்று அன்பரசன் ஸ்டியரிங்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கிளிப் அடிக்கடி கழன்றுவிடுவது அவருக்குத் தொல்லை. அதனால் அதைச் சுவிட்சோடு சேர்த்து மஞ்சள் நூலால் இறுக்கிச் சுற்றினார். கயிற்றின் மறுமுனையில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டார்.

"கால்ல மாட்டுங்கண்ணா" என்று அன்றும் சொன்னேன்.

"மாட்டிக்கினு எழுந்தா ஆஃப் ஆயிடுது டீச்சரம்மா. நீ பிசிக்ஸ மைக்ல சொல்லு. கேக்கறதுக்குத்தான் யாருமில்ல."

அடுத்த ஞாயிறு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே இந்தப் பக்கம் வந்தவர்கள். கணவர் ராமதாஸ் படகில் ஏற மறுத்துவிட்டார்.

"எனக்குத் தண்ணின்னாலே ஆவாது. நீ போய் வா."

"இத கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருந்தா வேற மாப்ள பாத்திருப்பேன்" என்றபடி சந்திரம்மாள் ஏறினார். உட்காரும் முன் அந்தச் சிவப்புக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டாவது சுற்றில் படகு கரைக்கு அருகே வந்தது. ராமதாஸுக்குக் கை காட்ட அன்பரசன் எழுந்து நின்றார். படகு தன் அலையிலேயே மோதித் துள்ளியது. அவர் தண்ணீரில் விழுந்தார். படகு நிற்கவில்லை.

பிடிக்க ஆளில்லாத ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். படகு முழு வேகத்தில் வட்டமடிக்கத் தொடங்கியது. வட்டத்துக்குள்ளே அன்பரசனின் தலை தெரிந்தது. காற்று ஒவ்வொரு சுற்றிலும் படகை அவர் பக்கமாகத் தள்ளியது. எங்களிடம் மிச்சமிருந்தவை மிதிபடகுகள்தான். அவற்றைக் கொண்டு அந்த வட்டத்துக்குள் போக முடியாது. எஞ்சினை நிறுத்தக்கூடியவர் சந்திரம்மாள் மட்டுமே.

வேகத்தில் போகும் எஞ்சினை நிறுத்தும் முறை வேறு. லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். சட்டென்று நிறுத்தினால் பின்னால் துரத்தி வரும் அலை படகுக்குள் ஏறும், உள்ளே இருப்பவர் முன்பக்கம் தூக்கியெறியப்படுவார். ஆனால் பழகாதவர் லிவரை மாற்றித் தள்ளினால் வேகம் இன்னும் கூடும். கயிறு அப்படியல்ல. இழுத்தால் நிற்கும்.

மைக்கில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கை ராமதாஸிடம் கொடுத்தேன்.

"சந்திரா! அந்த செவப்பு கயித்த புடிச்சி இழு! இழுடீ!"

அது அவருக்குக் கேட்டது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார். இழுக்கவில்லை. குனிந்து அதில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"இன்னா பண்றா அவ?"

"கும்பிடறாங்க" என்றேன்.

"ஏய், சாமி கயிறு இல்லடீ அது! எஞ்சின் கயிறு! ஆஃப் பண்ற கயிறு!"

படகு வந்தது. அன்பரசன் மூழ்கினார். அது கடந்ததும் மேலே வந்தார். ஒரு கையை எங்கள் பக்கம் தூக்கினார். மறுபடி படகு வந்தது, மறுபடி மூழ்கினார். இந்த முறை எஞ்சின் சத்தம் ஒரு கணம் கம்மியாகி, பிறகு ஏறியது.

"நான் சொல்றேன், இழுடீ! பாவம் என்னச் சேரட்டும்!"

சந்திரம்மாள் இழுத்தார். நூல் அறுந்தது. எஞ்சின் நின்றது. அலை பின்பக்கமாக ஏறி அவரை முன்னால் தள்ளியது. எழுந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு அவர் கத்தியது கரை வரைக்கும் கேட்டது.

"அய்யோ, சாமி கயித்த அறுத்துட்டேனே!"

மிதிபடகில் போய் அன்பரசனைக் கொண்டுவந்தோம். தொடையில் என் துப்பட்டாவை இறுக்கிக் கட்டினேன். ஆம்புலன்சில் அவர் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்திரம்மாள் ஈரப் புடவையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கணவரோடு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார்.

"நான் அறுக்காம இருந்திருந்தா அவருக்கு ஒன்னும் ஆயிருக்காது இல்ல?"

"இல்லம்மா. அவருக்கு அடிபட்டது அதுக்கு முன்னாடி."

"அறுத்துட்டுத்தான் பாத்தேன். தண்ணியெல்லாம் ரத்தம்."

கிளிப்பையும் சுவிட்சையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இழுத்ததால்தான் எஞ்சின் நின்றது என்றேன். எப்போது இழுத்திருக்க வேண்டும் என்றும் அடுத்து சொல்ல வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. எதிரே நின்றிருந்த ராமதாஸ் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப எதனால ஆச்சு, சொல்லுங்க."

"அவர் அதக் கால்ல மாட்டல."

சந்திரம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"உயிருக்குப் போராடிக்கினு கெடக்கறாரு. அவர் மேலயே குத்தம் சொல்றீங்களே."

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வெளியே வந்தார். "அன்பரசனோட வீட்டு ஆளுங்க வந்துட்டாங்களா?"

"பஸ்ல வந்துட்டு இருக்காங்க" என்றேன்.

நர்ஸ் மறுபடி உள்ளே போகவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு எங்களோடு அங்கேயே நின்றார்.