அலமாரிக்குள் ஒரு குரல்

என் மனைவி துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் கதை படிக்கிறாள். சிரிக்க வேண்டாம். தொங்குகிற துணிகள் எதிரொலியை அடக்கிவிடும்; ஸ்டுடியோவுக்கு வழியில்லாதவர்களுக்கு அலமாரிதான் ஸ்டுடியோ. அவள் படிப்பது ஒலிப்புத்தகமாகப் போகிறது. நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

எனக்கும் இதில் ஒரு பதவி உண்டு. யாரும் கொடுத்ததல்ல, நானே எடுத்துக்கொண்டது. ஃபேனை அணைப்பது, ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்குவது, ஜன்னலை மெத்தையால் அடைப்பது, பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காவல் இருப்பது. நான் இல்லாவிட்டால் ஒரு வரிகூட ஒழுங்காகப் பதிவாகாது என்று மனதார நம்பியிருந்தேன்.

இன்று காலை கடைசி அத்தியாயம் ஒலிப்புத்தகக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அடிக்கடி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதாம். மாலைக்குள் சுத்தமாக அனுப்பாவிட்டால் புத்தகத்தையே வேறு குரலுக்குக் கொடுத்துவிடுவார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. எவன் என் வீட்டுக்குள் சத்தம் அனுப்புகிறவன்?

கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். சொட்டுகிற குழாய்க்குத் துணி கட்டினேன். அவள் மறுபடி படித்தாள். போட்டுக் கேட்டால் முன்பைவிட அதிகமாக டக், டக். அவள் "என்னங்க, இருங்க" என்று எழுவதற்குள் நான் மேல் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

"சார், காலையிலேர்ந்து என்னத்த சார் தட்டிட்டே இருக்கீங்க?"

மேல் வீட்டுக்காரர் பாதி முகம் நுரையோடு நின்றார். "தட்டுறேனா? ஷேவ் பண்ணிட்டு இருக்கேன்."

"டக்கு டக்குன்னு கேக்குதே!"

"ஷேவ் பண்ணா அப்படியா கேக்கும்? உங்க வீட்டுலயே நல்லா தேடிப் பாருங்க."

மூக்குடைபட்டு இறங்கி வந்தேன். அவள் அடுப்படியில் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு பதிவை ஓட்டினேன். அவள் குரல், நடுவில் டக். இருப்பே கொள்ளவில்லை. பதற்றத்தில் சுண்டுவிரலை நெட்டி முறித்தேன். டக்.

இந்த டக் ஹெட்போன் இல்லாத காதில் கேட்டது.

பதிவை நிறுத்திவிட்டு அடுத்த விரலை முறித்தேன். அதே சத்தம். நிமிர்ந்தால் அவள் டம்ளரோடு வாசற்படியில் நிற்கிறாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து."

"அப்புறம் எப்படி இவ்வளவு நாளா அனுப்பின?"

"வரிக்கும் வரிக்கும் நடுவுல விழுந்தா வெட்டி எடுத்துடுவேன். இந்தத் தடவ வார்த்தை மேலயே விழுந்திருக்கு. வெட்டினா வார்த்தையும் சேந்து போயிடும்."

நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது இதற்குத்தானா!

"வாயத் தெறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா எழுந்து போயிடுவீங்க. பகல்ல நாலு பேர் முகத்துல முழிக்கவே கூசுறீங்க. எங்க போயி நிப்பீங்க?"

சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் கூப்பிடவில்லை. மாலைக்குள் அனுப்பியாக வேண்டுமே.

தெருவில் எல்லோருக்கும் போக ஒரு இடம் இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேகமாகப் போனார்கள். பழைய ஆபீஸ்காரர் ஒருவர் எதிரே வருவதுபோல் இருந்ததும் போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசுவதாக நடித்தேன். மருந்துக் கடை, பேங்க், மறுபடி அதே மருந்துக் கடை. கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"முடிஞ்சுதுங்க. ஒரே மூச்சுல படிச்சு அனுப்பிட்டேன். நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. அடுத்த புத்தகமும் நமக்குத்தானாம், நாளைக்கே ஆரம்பிக்கணும். வீட்டுக்கு வாங்க."

தலையிலிருந்து பாரம் இறங்கியது. பழக்கதோஷம், பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். ஒரு பிசிறு இல்லை. நான் இல்லாத வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது. அவளை நினைத்துச் சந்தோஷமாகவும் என்னை நினைத்து அழுகையாகவும் வந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற முனையைத் தாண்டி நேராக நடந்தேன். நாளைக் காலையில் போய் உட்கார ஓர் இடம் பார்க்க வேண்டும்.