பிரேக்கில் காற்று

நூலகர் வீட்டில் வியாழக்கிழமையிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. பாத்திரம் பறக்கிற சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனைவி சத்தம் போட்டிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். அவள் வாயை மூடிக்கொண்டாள், அதுதான் வினை. "சாப்பாடு மேசையில இருக்கு" என்று குளிர்பெட்டியைப் பார்த்துச் சொல்வாள். "பால் தீந்து போச்சு" என்று கதவிடம் சொல்வாள். குளிர்பெட்டிக்கும் கதவுக்கும் கிடைத்த மரியாதை கட்டின புருஷனுக்குக் கிடைக்கவில்லை.

எல்லாம் வண்டியால் வந்தது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிற பழைய ஸ்டேஷன் வேகன் அது. முன்னால் பார்த்தால் சாதாரண கார். பின்பக்கம் போனால் போய்க்கொண்டே இருக்கும். அதனால் வீட்டில் அதற்கு நெட்டையன் என்று பெயர். மனைவி திரைச்சீலை தைக்கிறவள். ஆள் உயரத்துக்கு இருக்கும் துணிச்சுருள்கள், பின்சீட்டை மடக்கிப் போட்டால் நெட்டையனுக்குள் சொகுசாகப் படுத்துக்கொள்ளும். வேறு எந்தக் காரில் ஏற்றினாலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வரும்.

வண்டிக்கு வயதாகிவிட்டதுதான். ஆனால் அவள் அதை ஒரு மெக்கானிக் கையில் கொடுத்ததில்லை. ஆயில் மாற்றுவது, பெல்ட் மாட்டுவது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அவளே. நூலகருக்கோ புத்தகத்தைத் தவிர வேறெதையும் பிரித்துப் பார்த்துப் பழக்கமில்லை. அவள் வேலை செய்யும்போது டார்ச் பிடிப்பார். கேட்ட ஸ்பேனரை விட்டுவிட்டுப் பக்கத்து ஸ்பேனரை எடுத்து நீட்டுவார். திட்டு வாங்குவார். வெளியே சொல்லிக்கொள்வதில்லையே தவிர, அந்தத் திட்டு அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் அவளுடைய வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு காலை அவள் தலை வாரக் கையைத் தூக்கி, தூக்க முடியாமல், சீப்பைப் பிடித்தபடி கண்ணாடி முன் நின்றதை நூலகர் பார்த்துவிட்டார். கொஞ்ச நாளைக்குக் கையைத் தூக்கிச் செய்கிற வேலையெல்லாம் கூடாது என்றார் டாக்டர். தைக்கிற வேலையை நிறுத்த முடியாது, வண்டிக்கு அடியில் படுக்கிற வேலையையாவது நிறுத்தலாம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டார். தெருமுனைப் பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டுகள் அடுக்க இப்படி ஒரு நீள வண்டி வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்காமல், பெரிய நல்ல காரியம் பண்ணிவிட்ட பூரிப்போடு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவும் செய்தார். என்ன துணிச்சல் பாருங்கள்!

"யாரைக் கேட்டு?" என்றாள் மனைவி.

"உன் தோளுக்காகத்தாம்மா..."

"தோள் யாரோடது?"

"உன்னோடது."

"வண்டி?"

நூலகர் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை, இல்ல?" என்றாள். அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் ஆறியிருக்கும். வருத்தமாகச் சொன்னாள். அது நூலகரை நூலகத்தில்கூட நிம்மதியாக உட்கார விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் இரும்புச் சத்தம் கேட்டது. பின்சக்கர பிரேக்குகளில் ஆயில் கசிந்துகொண்டிருந்ததால் அவற்றைப் பிரித்துப் போட்டிருந்தாள். புது ரப்பர் போட்டு மாட்டியும் விட்டாள். "அரைகுறை வேலையோட எந்த வண்டியும் என் கையை விட்டுப் போகாது" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நூலகர் சமையலறையில் காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டுக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார். ஏனென்றால் அடுத்த வேலை என்ன என்பது அவருக்குத் தெரியும்.

பிரேக்கைப் பிரித்து மாட்டினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அவர்கள் வீட்டு வழக்கப்படி அது ரெட்டை ஆள் வேலை. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அங்குள்ள சின்னத் திருகைத் திறக்க வேண்டும். காற்றும் ஆயிலும் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகப் போத்தலுக்குள் வரும். திருகை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முந்தி விட்டால் போச்சு, வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். இத்தனை வருஷமாக உள்ளே உட்கார்ந்து அமுக்குகிறவர் நூலகர்தான். வண்டி வேலையில் அவருக்கென்று இருந்த ஒரே பதவி அது.

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "பிரேக்குல ஏர் எடுக்கணும். பெடல் மிதிக்க ஆள் வேணும்" என்று அடுப்பிடம் சொன்னாள்.

அடுப்பு எழுந்து வருவதற்குள் நூலகர் எழுந்து ஓடினார்.

பெடலிலிருந்து ரொம்பத் தள்ளியிருக்கிற பின்சக்கரத்தில் ஆரம்பித்தார்கள். "அமுக்கலாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அமுக்கினார். பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. "ம், விடலாம்." விட்டார். மொட்டையாகத்தான் சொன்னாள், பாசமெல்லாம் ஒன்றுமில்லை. இருந்தாலும் மூன்று நாளைக்குப் பிறகு அவருக்கென்று சொன்ன வார்த்தை அல்லவா? நூலகருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாவது தடவை செருப்பு வழுக்கி, அவள் சொல்வதற்கு முன்பே பெடல் மேலே வந்துவிட்டது. பின்னால் திருகை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மறுபடியும் அமுக்கலாம்" என்றாள்.

மறுபடியும்! நூலகரின் மூளை அங்கேதான் கெட்டது. காற்று தீர்ந்துவிட்டால் வேலை தீர்ந்துவிடும், வேலை தீர்ந்தால் அவள் திரும்பவும் குளிர்பெட்டியோடு பேசப் போய்விடுவாள். காற்று இருக்கிறவரைதான் பேச்சு இருக்கும். அடுத்த தடவை அவர் காலை வேண்டுமென்றே இம்மியளவு முந்தி எடுத்தார். "மறுபடியும்" என்றாள். அதற்கடுத்த தடவையும் எடுத்தார். ஊரில் நாலு பேருக்குப் புத்தி சொல்கிற மனிதர், பெடலில் திருட்டுத்தனம் பண்ணிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆயில் ஊற்றி ஊற்றி மாளவில்லை. அந்த ஒரு சக்கரத்தை விட்டு நகர முடியவில்லை. கடைசியில் மனைவி பெருமூச்சு விட்டாள். "ஏய் நெட்டையா, உனக்கு என்னடா வந்துச்சு? ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர்தான் போச்சுபோல. எல்லாத்தையும் கழட்ட வேண்டியதுதான்" என்றாள் வண்டியிடம்.

நூலகர் பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். அவள் எழுந்து உட்கார்ந்து, ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, இடது கையால் வலது தோளைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

அவருக்குச் சுரீர் என்றது. எந்தத் தோளுக்காக வண்டியையே கொடுக்கத் துணிந்தாரோ, அந்தத் தோளைத்தானே காலையிலிருந்து கசக்கிப் பிழிந்துகொண்டிருக்கிறார்! நாலு வார்த்தைக்கு ஆசைப்பட்டு இப்படியா செய்வான் ஒரு மனுஷன்? வண்டியை விட்டு இறங்கிப் போய் அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சிலிண்டரெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "நான்தான். காலை முன்னாடியே எடுத்தேன். வேணும்னே எடுத்தேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"குழாயில ஆயில் பின்னாடி ஓடினா எனக்குத் தெரியாதா? செருப்பு வழுக்கினதுகூடத் தெரியும். அதுக்கப்புறம் வழுக்கலைன்னும் தெரியும்." நேராக அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "எதுக்கு இந்த வேலை?"

"நீ பேசறியே, அதுக்குத்தான்."

"நல்லா இருக்கே! பேசணும்னா வாயைத் திறந்து பேசறது. பிரேக்குக்குள்ள காத்தடிச்சா பேசுவாங்க?"

"தெரிஞ்சும் ஏன் திட்டாம இருந்தே? தோள் வலிக்கலையா?"

"வலிக்குது. உயிர் போகுது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்களா சொல்றீங்களா பாப்போம்னு இருந்தேன். இந்தத் தடவையாவது என்கிட்ட வந்து சொல்றீங்களான்னு."

நூலகருக்கு அசடு வழிந்தது. "உன்கிட்ட கேக்காம பேக்கரிக்காரருக்கு வாக்குக் குடுத்தது தப்பு. கை தூக்க முடியாம நீ நின்னதைப் பாத்து பயந்துட்டேன். பயத்துல என்ன பண்றோம்னே தெரியலை" என்றார்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? எனக்கும்தான் பயமா இருந்துச்சு." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். ஆயில் கன்னம்வரை இழுத்துக்கொண்டது. பிறகு ஸ்பேனரை எடுத்து அவர் மடியில் போட்டாள். "அடியில போங்க."

"நானா?"

"வேற யாரு, அடுப்பா? நான் உக்காந்து அமுக்கறேன். காலுக்கு ஒண்ணும் வலி இல்லை."

வண்டியைத் தாங்கி நின்ற இரும்பு முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வண்டியை உலுக்கியும் பார்த்த பிறகுதான் அவரை அடியில் போகவிட்டாள். நூலகர் முதன்முதலாக நெட்டையனின் அடிவயிற்றைப் பார்த்தார். அவள் சுரண்டிப் பெயின்ட் அடித்த இடங்களெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. இவ்வளவு வேலையா செய்திருக்கிறாள் என்று இருந்தது.

"சொன்னாத்தானே அமுக்குவேன்?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"அமுக்கும்மா."

திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டுத் திட்டு வாங்கினார். ஸ்பேனரை மாற்றிப் பிடித்துத் திட்டு வாங்கினார். ஒரு தடவை குழாய் கழன்று ஆயில் சட்டையை நனைத்தது. அதற்கும் ஒரு பாட்டு வாங்கினார். "கண்ணுல படலையே? தண்ணியில அலம்புங்க முதல்ல!" என்று அவள் பதறியதில் அவருக்குப் பசிகூட மறந்துவிட்டது. காற்றுக் குமிழிகள் குறைந்து குறைந்து, கடைசியில் ரெண்டு பின்சக்கரத்திலும் ஆயில் மட்டும் சுத்தமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரர் வந்து நின்றார். "என்னம்மா, வண்டி ரெடியா? அடியில யாரு, மெக்கானிக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

"அட, சாரா!"

தர முடியாது என்று சொல்ல நூலகர் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தடவை வாயைத் திறந்தது போதாதா? அவள் விருப்பப்படி சொல்லட்டும் என்று படுத்துக் கிடந்தார்.

கார்க்கதவு திறந்தது. அவள் பாதங்கள் தெரிந்தன. பிறகு முழங்கால்கள் தரையில் ஊன்றின. தலையைச் சாய்த்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இவர் வந்திருக்கார். வண்டியைக் குடுத்துடலாமா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கொடுத்துவிடலாம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்கிற பயம் அவள் கண்ணில் அப்படியே தெரிந்தது. இருந்தும் கேட்டாள்.

"உனக்கு வேணுமா?" என்று கேட்டார்.

"எனக்கு வேணும்."

"அப்ப எனக்கும் வேணும். தோள் சரியாகிறவரைக்கும் அடியில நான் போறேன். நீ மேல உக்காந்து திட்டு."

அவள் எழுந்துபோய்ப் பேக்கரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் என்னவோ சொன்னாள். "தப்பு என்மேலதாங்க, அவங்களைக் கேக்காம வாக்குக் குடுத்துட்டேன்" என்று அடியிலிருந்து நூலகரும் கத்தினார்.

பேக்கரிக்காரருக்குச் சுருக்கென்றது. வெறுங்கையோடு திரும்பிப் போகிற மனுஷனுக்குக் கோபம் வராதா? "நல்லா இருக்கு சார்! புருஷன் பொண்டாட்டி முதல்ல உங்களுக்குள்ள பேசிக்கங்க. அப்புறமா ஊருக்கு வாக்குக் குடுங்க!" என்றார்.

"இப்பத்தாங்க பேச ஆரம்பிச்சிருக்கோம்" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.