மூங்கில் நட்சத்திரத்துக்கு உள்ளே

தலைநகர் வியந்தியானில் தீட்டிய திட்டத்தில் எல்லாம் இருந்தது. பெருங்காய்ச்சல் வந்தால் முதல் ஊசி யாருக்கு, மருந்துப் பெட்டி எந்தப் படகில் ஏறும், எந்தப் பாதையில் போகும் என்பதுவரை. பகலில் மலையூர்களில் ஆளே இருக்கமாட்டார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. எல்லோரும் சரிவு வயல்களுக்குப் போயிருந்தார்கள். அதுவரை போன மூன்று ஊர்களிலும் டாக்டர் மணிவோனை வரவேற்றவை பன்றிகளும் நாய்களும்தான்.

இந்த வாரத்துக்குள் போடாத மருந்தை நகரத்துக்குத் திருப்பிவிடுவோம் என்று மாகாண அலுவலகம் சொல்லிவிட்டது. காய்ச்சலோ ஆற்றோரச் சந்தைவரை வந்துவிட்டது.

நான்காவது ஊரின் வாசலில் தலைவர் கம்சாய், மூங்கில் பிளாச்சால் பின்னிய நட்சத்திரம் ஒன்றை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

"போச்சு டாக்டரக்கா," என்றான் நர்ஸ் பூன்மி. "படையலுக்கு ஊரை மூடுறாங்க. அதைக் கட்டிட்டா வெளியாள் யாரும் உள்ள போகக்கூடாது."

"உள்ள இருக்கிறவங்க?"

"வெளிய வரக்கூடாது. வயலுக்கும் போகமாட்டாங்க. அத்தனை பேரும் வீட்லயேதான்..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. மணிவோன் குளிர்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தாள். மேகம் ஒன்று மலையேறுவதுபோல மூச்சு வெள்ளையாக முன்னே போனது.

"தலைவரே, முடிச்சைப் போட்டுடாதீங்க!"

கம்சாய் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள வந்தா இது இறங்குற வரைக்கும் விடமாட்டேன். எங்க எலிக்கறி உனக்கு இறங்குமா, பட்டணத்தம்மா?"

"என் பங்கையும் பூன்மி தின்னுடுவான்."

இருவரும் உள்ளே வந்ததும் கம்சாய் முடிச்சைப் போட்டார். ஊர் நடுவே பாய் விரித்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி சட்டைக் கையைச் சுருட்டியதும் அவள் புருஷன் குறுக்கே வந்தான். "இன்னிக்கு யாரும் வேலை செய்யக்கூடாது. நாங்க நெல்லுகூட இடிக்கல. ஊசி போடுறது வேலைதானே?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் புகைக்குழாயை இரண்டு தடவை இழுத்தார்.

"ஊர்க்காரன் செஞ்சாத்தான் வேலை. இவங்க விருந்தாளி. விருந்தாளி என்ன செஞ்சாலும் வேடிக்கைதான். நாம சும்மா உக்காந்திருக்கப்போறோம். எங்க, முதல்ல எனக்குப் போடு."

"உங்களுக்கு அப்புறம். முதல்ல வயித்துப்பிள்ளைக்காரிங்க."

"தலைவனுக்கும் முன்னாடியா?"

"இன்னிக்கு அவங்கதான் தலைவருங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பில் புருஷன்காரனும் ஒதுங்கி வழிவிட்டான். சாயங்காலத்துக்குள் ஊரில் ஊசி போடாத கை ஒன்றுகூட மிச்சமில்லை. படையல் முடியும்வரை எலிக்கறியை மணிவோனும் விட்டுவைக்கவில்லை.

நட்சத்திரத்தை அவிழ்த்தபோது வெளியே பக்கத்து ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"நாளைக்கு எங்க ஊரை மூடுறோம். மருந்து இருக்கா டாக்டர்?"

மணிவோன் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். உருகிய தண்ணீர் மட்டும் சொட்டியது. மேட்டில் ஏறி, மாகாண அலுவலகத்துக்குப் போனில் பேசினாள்.

"மிச்சத்தை எப்ப அனுப்புறீங்க?" என்றார் அதிகாரி.

"மிச்சமா? எங்களுக்கு இன்னும் வேணும் சார். இன்னிக்கே படகுல ஏத்துங்க. ஒவ்வொரு மலையூரையும் என்னிக்கு மூடுறாங்கன்னு கேட்டு வாங்குங்க. இனிமே அதுக்கு முந்தின நாள்தான் போவோம்."

"திட்டத்துல அப்படி இல்லையே?"

"இப்ப இருக்கு. எழுதிக்குங்க."

போனுக்கு அந்தப் பக்கம் யாரோ படகுக்காரனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பூன்மி அதற்குள் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறையை நோக்கி இறங்க ஆரம்பித்திருந்தான்.