கே டிரைவில் ஒரு கால்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயர் அண்ணி. முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவன் ஒரே ஒருவன்தான். உள்ளறையில் அச்சு செதுக்கும் இயந்திரத்தை ஓட்டும் அவள் கொழுந்தன். அவன் நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த தபால்காரர்கூட, "அண்ணி, ஒரு கையெழுத்து" என்றுதான் வாசலில் நிற்பார். அவளும் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

அவள் வேலை அளவு எடுப்பது. காலில் மிஞ்சியிருக்கும் பகுதியை ஸ்கேனரால் சுற்றிச் சுற்றிப் படமெடுப்பாள். அந்த ஃபைல்களெல்லாம் அலமாரி மேல் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போய்ச் சேரும். பெட்டியில் இருக்கும் பொது ஃபோல்டருக்கு அவள் கணினியில் கே டிரைவ் என்று பெயர். அட்டவணை மென்பொருளில், அங்கேயே இருக்கும் அளவுத் தாளைத் திறந்தால் போதும். அதுவே கே டிரைவுக்குப் போய் ஸ்கேனைப் படித்து, இருபத்தெட்டுக் கட்டங்களையும் நிரப்பிவிடும். அந்த எண்கள் இல்லாமல் கொழுந்தனால் ஒரு துரும்பைக்கூடச் செதுக்க முடியாது.

அன்று காலை தாளைத் திறக்கப் போனால், 'பாதை கிடைக்கவில்லை' என்றது மென்பொருள். கே டிரைவைத் தனியாகத் திறந்து பார்த்தாள். ஃபைல்கள் சமர்த்தாக வரிசையில் நின்றன. இதென்ன கூத்து என்று தாளை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்துத் திறந்தாள். திறந்தது. ஆனால் இருபத்தெட்டுக் கட்டத்திலும் பூஜ்யம்.

அது பஸ் டிரைவர் ஒருவரின் அளவு. ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊர்க்காரர். இன்று ராத்திரி இங்கே வந்து சேர்ந்து, நாளைக்குக் கால் மாட்டிப் பழகி, நாளை மறுநாள் டிப்போ மருத்துவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். காட்டினால் அவருடைய வேலை அவருக்கு. இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். கால் இன்றைக்கே தயாராக வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போன் செய்து, வா என்றால் பஸ் ஏறுவதாகச் சொல்லியிருந்தார்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவள் நெஞ்சுக்குள் இருந்தது. நேற்று சாயங்காலம், சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கே டிரைவிலிருந்த பழைய ஃபைல்களை அள்ளி அள்ளி அழித்திருந்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. அவளே தேடிப் போய் வாங்கிக்கொண்ட வினை. கணினியை இரண்டு தடவை அணைத்துப் போட்டாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். மணி பதினொன்றானதும் உள்ளறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கொழுந்தன் தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்து நின்றான்.

"அண்ணி, அழிச்சிருந்தா பேரும் சேர்ந்துல்ல போயிருக்கும்? பேரு இருக்கே."

"பேரு இருந்து என்ன? உள்ள சரக்கு இல்லையே தம்பி!"

"இருங்க, உள்ளயும் பாத்துடுவோம்."

வெறும் எழுத்துகளைக் காட்டும் நோட்பேடில் டிரைவரின் ஸ்கேன் ஃபைலைத் திறந்தான். எண்கள் பக்கம் பக்கமாக ஓடின.

"பாருங்க, புள்ளி புள்ளியா அவர் காலேதான். ஒண்ணும் எங்கயும் போகல."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆனால் அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு செதுக்க முடியாதே. தாள் நிரம்பியாக வேண்டும். கொழுந்தன் தாடையைச் சொறிந்தான்.

"நோட்பேடுக்குத் தெரியுது, இந்த சாஃப்ட்வேருக்கு மட்டும் தெரியல. அப்போ தப்பு பெட்டிலயும் இல்ல, வயர்லயும் இல்ல. இதை யாரோ நோண்டியிருக்காங்க."

"சத்தியமா நான் இல்ல" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "உங்க அண்ணன்!"

நேற்று அவளை அழைத்துப்போக வந்த கணவர், லேபிள் அச்சாகவில்லை என்று அவள் புலம்பியதும் களத்தில் குதித்துவிட்டார். கணினி தனக்குத் தண்ணி பட்ட பாடு என்பது அவருடைய நம்பிக்கை. எங்கேயோ நுழைந்து, அந்த மென்பொருளை 'எப்போதும் அட்மினாக இயக்கு' என்று ஒரு டிக் போட்டார். லேபிளும் வந்து தொலைத்தது. "பாத்தியா, அதிகாரம் குடுத்தா எல்லாம் தானா நடக்கும்" என்று வீடு போய்ச் சேரும்வரை அதே பேச்சு.

கேட்டதும் கொழுந்தன் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த தூள் விசைப்பலகையில் கொட்டியது.

"அண்ணி, கே டிரைவ் உங்க பேர்ல உள்ள வந்தவங்களுக்குத்தான் தெரியும். அட்மினா போனா கம்ப்யூட்டருக்கு அது வேற ஆள் மாதிரி. அந்த ஆளுக்கு அப்படி ஒரு டிரைவ் இருக்கறதே தெரியாது. அண்ணன் பெரிய பதவிய குடுத்து வீட்டு வழிய மறக்க வெச்சுட்டார்!"

டிக்கை எடுத்தான். மென்பொருளை மூடித் திறந்தான். சுட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. முப்பத்து நான்கு புள்ளி இரண்டு. முப்பத்து ஒன்று புள்ளி ஏழு. அவள் வாய்விட்டுப் படித்தாள். பத்தாவது கட்டத்தில் குரல் உடைந்து அழுதே விட்டாள். அழுதபடியே கணவரை நாலு வார்த்தை திட்டியும் தீர்த்தாள். அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றான் கொழுந்தன். "சரி பண்றேன்னு கிளம்பி வந்துடுவார்."

உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே போன் அடித்தது.

"அண்ணி, பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பட்டுமா?" டிரைவரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"தாராளமா கிளம்புங்க. கால் தயாராகிட்டிருக்கு."

அந்தப் பக்கம் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஷூ போட்டுக்கிட்டு வரணுமா? செருப்பு போதுமா?"

"ஷூவே கொண்டு வாங்க. மாட்டி நடந்து பாக்கணும்ல."

"எந்தக் காலோடது எடுத்துக்கட்டும்?"



"ரெண்டையும் எடுத்துட்டு வாங்க" என்றாள்.