ஆடாமல் அசையாமல்

பொன்னுத்தங்கம் வெம்பக்கோட்டை ரோட்டில் வெறுங்காலோடு போய்க்கொண்டிருக்கிறாள் என்று மூன்றாவது நாளாகத் தகவல் வந்ததும், அவள் புருஷன் பெத்தணன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு சைக்கிளை மிதித்தான். தகவல் சொன்னவள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள். தாயில்பட்டியில் எது நடந்தாலும் முதலில் அவள் வாயில்தான் நடக்கும். "அண்ணே, மயினி ஆருகிட்டயும் பேசாம போறாக. இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுட்டு வாங்க" என்றாள்.

2005 ஆவணியில் பொன்னுத்தங்கம் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் அவள் பிழைத்தாள். உள்ளே செத்துப்போன மூன்று பேரில் ரோஜா அவளுக்கு உயிர்த் தோழி. அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவள், தை பிறந்த மறுநாள் என்ன நினைத்தாளோ, எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

பெத்தணன் வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பவன். இருபது வருஷ சர்வீஸ். ஓடாதே, இழுக்காதே, தூக்கிப் போடாதே என்பது அந்தத் தொழிலில் உயிரோடு இருக்கிறவனுக்கெல்லாம் தெரிந்த சட்டம். ஆடாமல் அசையாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்பதை அவன் சாமியைவிடக் கூடுதலாக நம்பினான். அதையே பெண்டாட்டிக்கும் வைத்தியமாகச் செய்தான். அன்று அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தவன், மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டினான். பாவி மனுஷன், பாசத்தில்தான் பூட்டினான்.

இரண்டு நாள் கதவைத் தட்டினாள். அப்புறம் தட்டவில்லை. அடங்கிவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு. கதவு அகலத் திறந்து கிடந்தும் அவள் எழவில்லை. முந்தின நாள் வைத்த கஞ்சி அப்படியே இருந்தது. தலை சீவி எத்தனை நாளோ. "எந்திரி புள்ள, கதவு தொறந்துதான கெடக்கு" என்றான். அவள் கண் சுவரை விட்டு நகரவில்லை. எழுந்து நடந்தவளைத் திரும்பப் படுக்க வைத்தது தான்தான் என்று பெத்தணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவனுக்குச் சமாதானம் பேசவெல்லாம் வராது. வாசலில் இறங்கி, "நான் நடக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னான். தெருமுக்கில் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. மனசு கேட்காமல் மெதுவாகப் போனான். கண்மாய்க்கரை ஏறும்போது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

ஒரு மைல் நடந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நடக்கையில அந்தச் சத்தம் கேக்கல" என்றாள் பொன்னுத்தங்கம். "படுத்தா காதுக்குள்ள வெடிச்சுக்கிட்டே இருக்கு."

பெத்தணன் தரையைப் பார்த்தபடியே நடந்தான். "ரோஜாவ வேன்ல தூக்கி வச்சது நாந்தான். அன்னைக்கு எங்க கம்பெனியில இருந்து ஓடியாந்தோம். ஒங்கிட்ட சொல்லல." இருபது வருஷமாக எதற்கும் பதறாதவன் அழுதான். அவன் கால் நின்றுவிட்டது.

அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். "நிக்காதீக" என்றாள். "அழுதுக்கிட்டே நடங்க."

பின்னால் வந்த பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் நின்று, ஏறுகிறார்களா என்று பார்த்தார். பொன்னுத்தங்கம் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். பஸ் கிளப்பிய புழுதிக்குள் இருவரும் போய்க்கொண்டே இருந்தார்கள்.